மழை பெய்தாலே தூக்கம் போகிறதா? கவுன்சிலிங் என்ன செய்யும், என்ன செய்யாது: பெட்டிமுடி சொல்லும் பாடம்

2020 ஆகஸ்ட் 6, இரவு. கேரளாவின் இடுக்கி மாவட்டம், மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலைச்சரிவு உடைந்து இறங்கியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை அது அப்படியே மூடிவிட்டது. மின்சாரம் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்ததே மறுநாள் காலையில்தான்.

இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் 4 பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் தமிழர்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

அந்த நாட்களில் 'குவி' என்ற நாயின் கதையை நாடே பேசியது. தன்னோடு விளையாடிய குழந்தையைத் தேடி அலைந்து, உடல் கிடந்த இடத்தைக் காட்டிய நாய் அது. சாப்பிடாமல் சுருண்டு கிடந்த அந்த நாயைப் பார்த்து எல்லோரும் கலங்கினோம். நாய்க்கு மனசு உடைந்துபோனது நமக்குச் சட்டென்று புரிந்தது.

மனிதர்கள் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமாகப் புரிவதில்லை. ஒரு வருஷம் கழித்தும் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் ஒருவரைப் பார்த்து, "இன்னுமா அதையே நினைச்சுட்டு இருக்க?" என்றுதான் கேட்கிறோம். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், அதே கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்கிறீர்கள்.

நீங்கள் மூணாறிலோ பீர்மேட்டிலோ வளர்ந்திருக்கலாம். பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருந்து தினமும் கோவைக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். இந்த ஊர்களையே பார்க்காதவராகவும் இருக்கலாம். நெருங்கியவரின் மரணம், வேலை இழப்பு, முறிந்த திருமணம் என்று காரணம் எதுவானாலும், "கவுன்சிலிங் போய்ப் பாரேன்" என்று யாராவது சொன்னால் மனதில் எழும் கேள்விகள் ஒன்றுதான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேசினால் மட்டும் சரியாகிவிடுமா?

"ஃப்ரெண்டுகிட்ட பேசுறதுக்கும் கவுன்சிலர்கிட்ட பேசுறதுக்கும் என்ன வித்தியாசம்? இவருக்கு ஏன் காசு தரணும்?"

நியாயமான கேள்வி. நண்பர் உங்கள் மீது உள்ள அன்பினால் உடனே தீர்வு சொல்வார். "ஊருக்குப் போய்ட்டு வா", "ஜிம்முக்குப் போ", "எல்லாம் சரியாயிடும்". அடுத்த முறை அதே கதையைச் சொல்ல உங்களுக்கே கூச்சமாக இருக்கும். வீட்டில் சொன்னால் அவர்களும் சேர்ந்து கலங்குவார்கள், அதனால் அங்கேயும் சொல்வதில்லை.

கவுன்சிலர் உங்கள் வாழ்க்கையில் பங்குதாரர் இல்லை. அதுதான் வசதி. அவர் கலங்கிவிடுவாரோ, நாளைக்கு யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்ற கவலை இல்லாமல் பேசலாம். அவர் வேலை புத்திமதி சொல்வதும் இல்லை. உங்கள் எண்ணம், உடல், நடத்தை மூன்றும் ஒன்றை ஒன்று எப்படி இழுத்துக்கொண்டு போகின்றன என்பதை நீங்களே பார்க்கும்படி செய்து, ஏதாவது ஓர் இடத்தில் அந்தச் சுழலை நிறுத்தப் பழக்குவதுதான் அவர் வேலை.

இலங்கைத் தமிழில் கவுன்சிலிங்குக்கு 'உளவளத்துணை' என்பார்கள். தமிழ்நாட்டில் நாம் சொல்லும் 'மனநல ஆலோசனை' என்பதைவிட இந்தச் சொல் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆலோசனை என்றதும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதாகத்தான் தோன்றும். துணை என்றால் கூட வருவது.

கவுன்சிலிங், சைக்கோதெரபி, சைக்யாட்ரிஸ்ட்: யாரிடம் எதற்கு?

இவை நம்மில் பலருக்கும் குழம்புகின்றன.

கவுன்சிலிங் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சிக்கலைச் சுற்றி நடக்கும்: துக்கம், தம்பதி பிரச்னை, வேலை அழுத்தம். சில சந்திப்புகளிலேயே முடியலாம்.

சைக்கோதெரபி இன்னும் கட்டமைப்பான சிகிச்சை. மனச்சோர்வு, பதற்றம், பேரதிர்ச்சியின் பாதிப்பு போன்றவற்றுக்கு, ஆய்வில் சோதிக்கப்பட்ட முறைகளை வாராவாரம் பின்பற்றுவார்கள். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அவற்றில் நன்கு அறியப்பட்டது. 1960-களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது.

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர். மருந்து எழுதுவது அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தரமாட்டார், மதிப்பீடும் சிகிச்சையும் செய்வார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும்.

கடுமையான மனச்சோர்வு, இல்லாத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலே அளவு கடந்த உற்சாகத்தில் இருப்பது போன்ற நிலைகளில் பேச்சு மட்டும் போதாது. மருந்தும் சேர்ந்தால்தான் பேச்சே பலன் தரும்.

அறைக்குள் அப்படி என்னதான் நடக்கும்?

ஒரு கற்பனை உதாரணம். நீங்கள் மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். இப்போது கொச்சியில் ஐடி வேலை. அப்பா, அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள்.

ஜூன் பிறந்தாலே வானிலை ஆப்தான் கதி. ராத்திரி மலையில் மழை என்று தெரிந்தால் 11 மணிக்கு ஒரு போன், 1 மணிக்கு ஒரு போன். எடுக்கவில்லை என்றால் நெஞ்சு படபடக்கிறது. "ஏன்டா, எங்களையும் தூங்கவிட மாட்டேங்கிற" என்கிறார் அம்மா. காலை மீட்டிங்கில் மேனேஜர் பேசியது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

முதல் சந்திப்பில் கேள்விகள்தான் அதிகம். எப்போதிலிருந்து இப்படி? தூக்கம், சாப்பாடு எப்படி? குடிப்பழக்கம் உண்டா? உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்ததுண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்டு பயப்பட வேண்டாம். எல்லோரிடமும் கேட்பதுதான். அதைக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, வெளியே சொல்ல வழிதான் பிறக்கும்.

அடுத்த சந்திப்புகளில் ஒரு நாள் இரவை எடுத்துப் பிரித்துப் பார்ப்பீர்கள். மழை என்று ஆப் சொன்னது. "இன்னிக்குத்தான் நடக்கப்போகுது" என்று மனம் சொன்னது. நெஞ்சு படபடத்தது. போன் செய்தீர்கள். அம்மா எடுத்ததும் ஐந்து நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு போனும் அந்த நேரத்துப் பதற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் "போன் செய்யாமல் என்னால் இருக்கவே முடியாது" என்ற பழக்கத்தை ஆழமாக்குகிறது.

நல்ல தெரபிஸ்ட் "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று சொல்லமாட்டார். அந்த மலையில் ஆபத்து நிஜம். அதனால் இரண்டாகப் பிரிக்கச் சொல்வார். உண்மையான ஆபத்துக்குத் திட்டம்: ரெட் அலர்ட் வந்தால் அப்பா, அம்மா எந்த உறவினர் வீட்டுக்குப் போவார்கள், யார் வண்டி தருவார்கள், பக்கத்து வீட்டு நம்பர் என்ன. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம். மிச்சம் இருப்பது திட்டம் போட்டும் தீராத பதற்றம். அதற்குத்தான் பயிற்சி: இரவு 9 மணிக்கு ஒரே ஒரு போன், அதற்குப் பிறகு வரும் படபடப்பை போன் எடுக்காமல் கடந்து பார்ப்பது. முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும். படபடப்பு உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்குவதை உடம்பு மெல்லக் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாறு வாரம் கழித்து வேறொன்று வெளியே வரலாம்: "அவங்கள அங்க விட்டுட்டு நான் மட்டும் இங்க நல்லா இருக்கேன்." பதற்றத்துக்கு அடியில் இவ்வளவு நாளும் இந்தக் குற்ற உணர்ச்சிதான் கிடந்திருக்கும். நண்பரிடம் பேசும்போது அந்த வாக்கியம் வரை நாம் போவதே இல்லை.

பேரிடர் நடந்த மறுநாளே கவுன்சிலிங் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது உதவுவதாக நிரூபிக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

முதல் நாட்களுக்கு அந்த நிறுவனம் 2011-ல் வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' கையேடு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு உடனே உதவி தேவை என்று பார்ப்பது. பேச விரும்பினால் கேட்பது, வற்புறுத்தாமல் இருப்பது. சாப்பாடு, தங்குமிடம், சொந்தக்காரர்கள் என்று தேவையானதோடு இணைத்துவிடுவது. இதைச் செய்ய மனநலப் பட்டம் தேவையில்லை, நீங்களும் கற்றுக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் குடும்பம், ஊர், வழிபாடு, வேலை ஆகியவற்றின் துணையோடு மெல்ல மீண்டுவிடுவார்கள். சிலருக்கு மட்டும் துக்கம் இறுகிப்போய்விடும். மாதங்கள் கடந்தும் அன்றாட வேலை எதுவும் ஓடாது. இப்படி ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் கடும் துக்கத்தை, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உடல் கிடைக்காத குடும்பங்களின் துயரம் வேறு மாதிரியானது. காரியம் செய்தாலும் மனசு ஒப்பாது. "எங்கேயாவது இருப்பாரோ" என்ற நினைப்பு விடாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதை 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். இங்கே சிகிச்சையின் நோக்கம் "மறந்துவிடு" என்பதல்ல. விடை தெரியாத கேள்வியோடும் வாழ முடியும் என்ற இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவருவது.

எந்த மொழியில் அழுவது?

எல்லைப் பகுதித் தமிழர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. இரண்டு சொற்களைப் பாருங்கள். மலையாளத்தில் 'விஷமம்' என்றால் வருத்தம். தமிழில் குறும்பு, கெட்ட எண்ணம். மலையாளத்தில் 'சங்கடம்' என்றால் துக்கம். தமிழில் தர்மசங்கடம், அசௌகரியம். மூணாறில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இந்த வேறுபாடு பழகியிருக்கும். கயத்தாறிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளை இழந்த பாட்டியிடம் "என்ன விஷமம்?" என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்?

நன்றாக மலையாளம் பேசுகிறவருக்கும் இது பொருந்தும். ரேஷன் கடையில், ஆபீசில் ஒரு மொழி போதும். "மனசு விட்டுப்போச்சு", "நெஞ்சு கனக்குது", "அடிவயித்துல ஏதோ பண்ணுது" என்று சொல்ல வரும்போது தாய்மொழிதான் முன்னால் நிற்கும். தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் போதும். தெரபியில் பரிசோதனை, மருந்து இரண்டுமே சொற்கள்தான்.

போர்க்கால யாழ்ப்பாணம் இதற்கு ஒரு முன்னுதாரணம். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் 'சாந்திகம்' போன்ற அமைப்புகளும் ஆசிரியர்கள், ஊர்மட்டப் பணியாளர்களுக்குத் தமிழிலேயே உளவளத்துணைப் பயிற்சி அளித்தார்கள். மருத்துவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்த ஊரில் மக்கள் பேசும் மொழியே முதல் கருவியானது.

கேரளத்தில் உங்களுக்குச் சட்ட ஆதரவும் இருக்கிறது. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்கிறது. அதனால் "தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அது சலுகை இல்லை.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா?

நம் நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வைப் பார்ப்போம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலப் பட்டம் இல்லாத, ஆனால் முறையான பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு முறை பேச்சு சிகிச்சை அளித்தனர். 'சங்காத்' அமைப்பு நடத்திய இந்த ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39%.

அவர்கள் செய்தது மிக எளிமையானது. மனச்சோர்வில் நாம் ஒவ்வொன்றாக விட்டுவிடும் காரியங்களை, மூடு வரட்டும் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்கவைப்பது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 64% என்றால் மூன்றில் ஒருவருக்கு முதல் முயற்சியில் போதவில்லை. அப்படி ஆனால் "எனக்கு எதுவும் சரிவராது" என்று முடிவு கட்ட வேண்டாம். முறையை மாற்றலாம், ஆளை மாற்றலாம், மருந்து சேர்க்கலாம்.

கவுன்சிலிங் எதைத் தீர்க்காது?

லயத்தின் பின்னால் இருக்கும் மலையை கவுன்சிலர் நகர்த்த முடியாது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. ஆனால் வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால் எங்கே போவது என்ற கவலையைத் தெரபி அறையில் வைத்துத் தீர்த்துவிட முடியாது. பெட்டிமுடியில் தப்பிய குடும்பங்களுக்கு மூணாறு அருகே 8 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்க, சில நேரம் பாதுகாப்பான வீடுதான் முதல் மருந்து.

குறைந்த கூலி, கந்துவட்டி, வீட்டில் அடி உதை, ஆபீசில் 14 மணி நேர வேலை எதையும் "உங்க மைண்ட்செட்டை மாத்திக்கங்க" என்று சொல்லும் கவுன்சிலரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நல்லவர், உரிமைக்காக எங்கே போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார். போராட வேண்டிய இடத்தில் போராடும் தெம்பைத் திரும்பக் கொண்டுவருவது அவரால் முடியும்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

தேசிய மனநல ஆய்வு 2015-16-ன்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர், நோய்க்கு ஏற்ப, சிகிச்சையே பெறவில்லை. எங்கே போவது என்று தெரியாததும் இதற்கு ஒரு காரணம்.

முதலில் அரசு மருத்துவமனை. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. தாலுகா மருத்துவமனை, சமூக சுகாதார மையங்களில் குறிப்பிட்ட நாட்களில் மனநல கிளினிக் நடக்கும். உங்கள் பகுதியில் எந்த நாள் என்று ஆஷா பணியாளரைக் கேட்டால் சொல்வார். குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய 'ஆஸ்வாசம்' கிளினிக்குகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு மருத்துவமனைதான் வசதி என்றால், இடுக்கி பக்கம் இருப்பவர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, பாலக்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

போன் போதும் என்றால் மத்திய அரசின் டெலி மனாஸ், எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம். தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். கொச்சியில் இருந்துகொண்டும், பெங்களூருவில் இருந்துகொண்டும் தமிழில் பேச இதுதான் சுலபமான வழி.

நீங்கள் பெரிய நிறுவனத்தில் வேலை செய்தால் ஊழியர் உதவித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் வெளி அமைப்பு மூலம் சில இலவச கவுன்சிலிங் அமர்வுகள் தருகின்றன. "எச்.ஆருக்குத் தெரிஞ்சிடுமா?" என்ற கேள்வியை முதல் அழைப்பிலேயே அந்த அமைப்பிடம் கேட்டுவிடுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டம். ஆனால் மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் கவுன்சிலிங்குக்குப் பணம் கிடைக்குமா என்பது உங்கள் பாலிசியைப் பொறுத்தது.

தனியாரிடம் போனால் நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்கள் படிப்பு, பதிவு என்ன? என் பிரச்னைக்கு எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள்? சுமார் எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எவ்வளவு? நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வேறு யாரிடமாவது சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், நீதிமன்ற உத்தரவு போன்ற சூழல்களில் மட்டும். "ஒரே சிட்டிங்ல சரி பண்ணிடுவேன்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

என்ன சொல்லித் தொடங்குவது?

பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். "எனக்கு டிப்ரஷனா, ஆங்சைட்டியா என்றே தெரியல, என்னன்னு சொல்றது?" அதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நோயின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பேச்சு கோர்வையாக வர வேண்டியதும் இல்லை.

"கொஞ்ச நாளா தூக்கம் இல்ல. மழை பேஞ்சா பயமா இருக்கு. யார்கிட்ட பேசுறதுன்னு தெரியல."

முதல் அழைப்புக்கு இவ்வளவு போதும்.

முக்கியத் தகவல்: நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களோ கடும் மன உளைச்சலிலோ தற்கொலை எண்ணத்திலோ இருந்தால் உடனே உதவி கேளுங்கள். டெலி மனாஸ்: 14416. கேரள அரசின் திஷா: 1056. தமிழ்நாடு அரசின் உதவி எண்: 104. சென்னை சினேகா: 044-24640050. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது 2017 சட்டம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.